நீதிபதி மேல் பெட்டிசன் போடலாமா?



மெட்ராலஜி லேபில் முதல் நாள் சார் கேட்ட கேள்வி உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். "வேலை சைஸுக்கு வந்திருக்கான்னு வெர்னியர் காலிப்பர் வச்சுப் பார்க்கிறே. காலிப்பர் சரியா இருக்கான்னு எதை வச்சுப் பார்ப்பே?" ஸ்லிப் கேஜ் என்று கத்தினோம். "சரி, ஸ்லிப் கேஜை?" கடைசி பெஞ்சிலிருந்து "கடவுளை வச்சு சார்" என்று ஒரு குரல் வந்தது. லேபே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டு, "இல்லடா, அதை வெளியே ஒரு லேபுக்கு அனுப்பணும். வச்சு வேலை செய்றவனே அதுக்கு சர்டிபிகேட் குடுத்துக்கக் கூடாது" என்றார். நானும் சிரித்தேன், மறந்தேன். என் சித்தப்பா விஷயத்தில்தான் அது திரும்ப ஞாபகம் வந்தது.

சித்தப்பா சீட்டுப் பணத்தில் பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு கிரவுண்டு மனை வாங்கினார். நம் ஏரியா நிலவரம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு பக்கம் சதுப்பு நிலம், ஒரு பக்கம் ஃப்ளாட். நடுவில் ஒரே மனைக்கு இரண்டு டாகுமெண்ட். இன்னொருவர் வேறொரு பத்திரத்தோடு வந்து வேலி போட்டார். சித்தப்பா கோர்ட்டுக்குப் போனார். தடை உத்தரவு கேட்ட மனு தள்ளுபடியானது. அன்று சாயங்காலம் கோர்ட் வாசல் டீக்கடையில் யாரோ ஒரு ஆள், "எதிர்பார்ட்டி ஜட்ஜையே பார்த்துட்டான்பா" என்று சொல்ல, சித்தப்பா நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். "டேய், உனக்குத்தான் எழுத்து முத்து முத்தா இருக்கு. ஒரு பெட்டிசன் எழுது. ஜனாதிபதிக்கு ஒண்ணு, சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒண்ணு, முதலமைச்சருக்கு ஒண்ணு."

மூன்று பக்கம் எழுதினேன். 'வேலியே பயிரை மேய்கிறது' என்று தொடங்கி, மனுநீதிச் சோழன், பாண்டியன் நெடுஞ்செழியன் எல்லோரையும் இழுத்து வந்து நிறுத்தினேன். கீழே பெயர் போட வேண்டாம், 'பாதிக்கப்பட்ட பொதுமக்கள்' என்று போடு என்றார் சித்தப்பா. தபாலில் சேர்க்கும் முன் வக்கீலிடம் காட்டினோம். அவர் முழுசாகக்கூடப் படிக்கவில்லை.

"தீர்ப்பு தப்புன்னா அப்பீல் போங்க. ஜட்ஜ் தப்புன்னா பெட்டிசன் போடுங்க. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கலக்காதீங்க" என்றார். பிறகு, "டீக்கடையில சொன்னவரு சாட்சி சொல்ல வருவாரா?" என்று கேட்டார். மறுநாள் போய் விசாரித்தோம். "நான் எங்கண்ணே சொன்னேன்?" என்றார் அந்த ஆள்.

எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் தங்கிவிட்டது. ஒருவேளை உண்மையாகவே சாட்சி இருந்திருந்தால்? அந்த மூன்று பக்கம் எங்கே போயிருக்கும்? யார் பிரித்துப் படிப்பார்? படித்து என்ன செய்வார்? வக்கீலைத் தொந்தரவு செய்தும், நூலகத்தில் உட்கார்ந்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நாம் சர்க்யூட் படிப்பவர்கள், மெஷின் படிப்பவர்கள். சட்டம் நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். கோர்ட் படி ஏறாத குடும்பம் நம் வகுப்பில் எத்தனை என்று கை தூக்கச் சொல்லிப் பாருங்கள்.

முதலில் கீழ்க் கோர்ட். மாஜிஸ்திரேட், முன்சீப், சப் ஜட்ஜ், மாவட்ட நீதிபதி எல்லோரும் அரசியல் சட்டத்தின் 235ஆவது பிரிவின்படி உயர்நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள். புகார் உயர்நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே விஜிலன்ஸ் பிரிவு இருக்கிறது. முதலமைச்சருக்கு அனுப்பினாலும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து சேரும். மொட்டைக் கடுதாசிக்கு மதிப்பில்லை. பெயர், விலாசம், பிரமாணப் பத்திரம், சரிபார்க்கக்கூடிய ஆதாரம் இருந்தால்தான் மேலே நகரும். முகாந்திரம் இருந்தால் குற்றச்சாட்டு வரையப்பட்டு, இலாகா விசாரணை நடந்து, சம்பள உயர்வு நிறுத்தத்திலிருந்து டிஸ்மிஸ் வரை தண்டனை உண்டு. கட்டாய ஓய்வும் உண்டு. இந்த ஏற்பாடு வேலை செய்கிறது. சில சமயம் தேவைக்கு மேலேயே வேலை செய்கிறது. ஜாமீன் கொடுத்ததற்காகவே விசாரணைக்கு உள்ளான கீழ்க் கோர்ட் நீதிபதிகள் உண்டு. பீகாரைச் சேர்ந்த ஒரு நீதிபதியின் வழக்கில் 2019இல் சுப்ரீம் கோர்ட், தவறான உத்தரவு போட்டார் என்பதற்காக மட்டும் ஒரு நீதிபதி மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது, தவறான நோக்கம் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று சொன்னது. நம் வக்கீல் டீக்கடைக் கதையைக் கேட்டு முகம் சுளித்ததன் நியாயம் எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

இப்போது மேலே ஏறுவோம். உயர்நீதிமன்ற, உச்சநீதிமன்ற நீதிபதிகளுக்கு மேலதிகாரி என்று யாரும் கிடையாது. சஸ்பெண்ட் இல்லை, இன்கிரிமெண்ட் கட் இல்லை. அரசியல் சட்டத்தின் 124(4) பிரிவு சொல்வது ஒரே ஒரு தண்டனை, பதவி நீக்கம். மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்துப் போட வேண்டும். 1968ஆம் ஆண்டு நீதிபதிகள் விசாரணைச் சட்டப்படி ஒரு சுப்ரீம் கோர்ட் நீதிபதி, ஒரு ஹைகோர்ட் தலைமை நீதிபதி, ஒரு சட்ட அறிஞர் என்று மூன்று பேர் குழு விசாரிக்க வேண்டும். குற்றம் நிரூபணமானால் இரு அவைகளிலும் ஒரே கூட்டத்தொடரில், மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் ஆதரவு வேண்டும். பிறகுதான் ஜனாதிபதி உத்தரவு. இந்தத் தீர்மானம் வந்தாலொழிய நாடாளுமன்றத்தில் ஒரு நீதிபதியின் நடத்தையைப் பற்றிப் பேசவே கூடாது. நம் சட்டசபையில் எப்போதுமே பேசக் கூடாது.

கொசுவுக்கும் பீரங்கி, யானைக்கும் பீரங்கி. நடுவில் ஆயுதமே கிடையாது. அந்தப் பீரங்கியாவது எத்தனை தடவை வெடித்தது என்று பார்த்தால், 1950இல் அரசியல் சட்டம் வந்ததிலிருந்து 2025 முடிய ஒரு நீதிபதிகூட இந்த வழியில் நீக்கப்படவில்லை.

இதில் நம் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி இடம் உண்டு. பெருமைப்படும் இடம் என்று சொல்ல முடியவில்லை.

சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த கே.வீராசாமி மேல் 1976 பிப்ரவரியில் சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது, வருமானத்துக்கு மீறிச் சொத்து சேர்த்ததாக. அந்த ஏப்ரலில் அவர் ஓய்வு பெற்றார். 1977 டிசம்பரில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. நீதிபதி மேல் ஊழல் தடுப்புச் சட்டம் பாயுமா என்ற கேள்வி மேலே போய், சுப்ரீம் கோர்ட் 1991 ஜூலையில்தான் பதில் சொன்னது. பாயும், நீதிபதியும் பொது ஊழியர்தான், ஆனால் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்துகொள்ளாமல் வழக்கே பதியக் கூடாது என்று. நல்ல பாதுகாப்புதான். ஆனால் கேள்விக்குப் பதில் வரப் பதினைந்து வருஷம்! நாம் அரியர் எழுதி முடிக்கவே அவ்வளவு ஆகாது.

அடுத்தது வி.இராமசாமி. அவரும் சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்தவர். பஞ்சாப்-ஹரியானா ஹைகோர்ட்டின் தலைமை நீதிபதியாக இருந்தபோது சண்டிகரில் அரசாங்க வீட்டுக்கு மேஜை நாற்காலி, கம்பளம் என்று அளவுக்கு மீறிச் செலவு செய்தார் என்பது புகாரில் முக்கியமானது. பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்கு உயர்ந்துவிட்டார். 108 மக்களவை உறுப்பினர்கள் கையெழுத்திட்ட தீர்மானத்தை 1991 மார்ச்சில் சபாநாயகர் ரபி ராய் ஏற்றார். பி.பி.சாவந்த் தலைமையிலான குழு விசாரித்து, 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமானது என்று எழுதிக் கொடுத்தது. 1993 மே 10, 11 தேதிகளில் மக்களவையில் விவாதம். நீதிபதிக்காக கபில் சிபல் வாதாடினார். நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் ஓட்டெடுப்பு. ஆதரவு 196. எதிர்ப்பு பூஜ்யம். ஓட்டுப் போடாமல் உட்கார்ந்திருந்தவர்கள் 205, ஆளும் காங்கிரசும் கூட்டாளிகளும்.

தோழர்களே, இதை ஒரு நிமிஷம் யோசியுங்கள். 'அவர் நிரபராதி' என்று சொல்ல அந்தச் சபையில் ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. 'குற்றவாளி' என்று சொல்லவும் 205 பேருக்கு மனம் வரவில்லை. சும்மா இருந்தார்கள். அந்தச் சும்மாவே தீர்ப்பாகிவிட்டது. தென்னாட்டுக்காரர் என்பதால் குறி வைக்கிறார்கள் என்ற பேச்சும் அன்று கிளம்பியது. கம்பளத்தின் விலையில் வடக்கு என்ன, தெற்கு என்ன?

மூன்றாவது இன்னும் பக்கம். திருவள்ளூர் மாவட்டத்தில் காவேரிராஜபுரம் என்று ஒரு ஊர். அங்கே அரசு நிலத்தையும் பொது நிலத்தையும் வளைத்துக்கொண்டார் என்று பி.டி.தினகரன் மேல் 2009இல் புகார் எழுந்தது. அப்போது அவர் கர்நாடகத் தலைமை நீதிபதி. சுப்ரீம் கோர்ட்டுக்கு அவர் பெயர் சிபாரிசு செய்யப்பட்டிருந்தது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். மாநிலங்களவை உறுப்பினர்கள் 75 பேர் கையெழுத்திட, 2010 ஜனவரியில் விசாரணைக் குழு வந்தது. 2011இல் 16 குற்றச்சாட்டுகள் வரையப்பட்டன. ஜூலை 29 அன்று ராஜினாமா கடிதம் கொடுத்தார். அத்தோடு விசாரணையும் நின்றது. அதே வருஷம் கல்கத்தாவின் சௌமித்ர சென் மேல் மாநிலங்களவையில் தீர்மானம் நிறைவேறியே விட்டது. மக்களவை ஓட்டெடுப்புக்கு முன்பு அவரும் ராஜினாமா.

எனக்கு இதில்தான் கோபம் வருகிறது. பரீட்சையில் பிட்டோடு பிடிபட்டவன் 'நான் காலேஜை விட்டே போறேன் சார்' என்று டி.சி. கேட்டால், பிட் அடிக்கவில்லை என்று ஆகிவிடுமா? தினகரன் குற்றம் செய்தாரா இல்லையா என்று நான் சொல்ல முடியாது. யாருமே சொல்ல முடியாது. காவேரிராஜபுரத்து ஜனங்களுக்குத் தங்கள் புகார் உண்மை என்ற பதிலும் கிடைக்கவில்லை, பொய் என்ற பதிலும் கிடைக்கவில்லை. அவர் நிரபராதி என்றால் அவருக்குமே அது அநியாயம்தான்.

பீரங்கியால் கொசு அடிக்க முடியாது என்பது நீதிபதிகளுக்கும் தெரியும். 1997 மே மாதம் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் எல்லோரும் கூடி நீதிபதிகளுக்கான 16 நெறிகளை எழுதினார்கள். 1999இல் உள் விசாரணை முறை ஒன்றையும் ஏற்றார்கள். புகார் வந்தால் தலைமை நீதிபதி பார்ப்பார், சம்பந்தப்பட்ட நீதிபதியிடம் பதில் கேட்பார், தேவையென்றால் மூன்று நீதிபதிகள் குழு விசாரிக்கும். குற்றம் பெரிது என்றால் ராஜினாமா செய்யச் சொல்வார்கள். மறுத்தால் வேலை கொடுக்க மாட்டார்கள், ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் எழுதுவார்கள். நல்ல எண்ணத்தோடு வந்த ஏற்பாடு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அறிக்கை ரகசியம். புகார் கொடுத்தவருக்கே பிரதி கிடையாது என்று 2003இல் இந்திரா ஜெய்சிங் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. காலிப்பரை யார் சோதிப்பது? பக்கத்து மேஜைக் காலிப்பர்!

உள் விசாரணை பகிரங்கமானது 2025இல்தான். மார்ச் 14 அன்று டெல்லி ஹைகோர்ட் நீதிபதி யஷ்வந்த் வர்மாவின் வீட்டில் தீப்பிடித்தது. அணைக்கப் போன இடத்தில் எரிந்த பணக்கட்டுகள் கிடந்ததாகச் செய்தி. பணம் தன்னுடையதல்ல என்றார் அவர். தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னா மூன்று பேர் குழு போட்டது மட்டுமல்ல, படங்களையும் பதில் கடிதத்தையும் வெளியிடச் செய்தார். குழு அவருக்கு எதிராக அறிக்கை கொடுத்தது. ஜூலையில் மக்களவை உறுப்பினர்கள் 146 பேர் தீர்மானம் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 12 அன்று சபாநாயகர் ஓம் பிர்லா 1968 சட்டப்படி குழு அமைத்தார். அதில் ஒருவர் அன்றைய நம் சென்னை ஹைகோர்ட் தலைமை நீதிபதி எம்.எம்.ஸ்ரீவஸ்தவா. கவனித்தீர்களா? தீப்பிடித்திருக்காவிட்டால் ஒன்றுமே இல்லை. ஒரு நாட்டின் நீதித்துறைக் கண்காணிப்பு தீயணைப்பு வண்டியை நம்பி இருக்கலாமா?

சி.எஸ்.கர்ணன் விஷயத்தையும் சொல்லாமல் விட்டால் நான் பயந்துவிட்டேன் என்பீர்கள். சென்னையிலும் பிறகு கல்கத்தாவிலும் ஹைகோர்ட் நீதிபதியாக இருந்தவர். 2017 ஜனவரியில் இருபது நீதிபதிகளின் பெயர் எழுதிப் பிரதமருக்குக் கடிதம் அனுப்பினார். ஏழு நீதிபதிகள் பெஞ்ச் நீதிமன்ற அவமதிப்புக்காக மே 9 அன்று அவருக்கு ஆறு மாத ஜெயில் கொடுத்தது. ஓய்வு பெற்ற சில நாளில் கோயமுத்தூர் பக்கம் பிடித்தார்கள். அவர் நடந்துகொண்ட விதத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தன்னை விசாரித்த நீதிபதிகளுக்கே தண்டனை எழுதியவர் அவர். ஆனால் இருபது பெயர் எழுதிய கடிதத்தை யாராவது விசாரித்து 'இது பொய்' என்று சொல்லியிருந்தால், அந்த இருபது பேருக்கும் அது நல்லதாக இருந்திருக்கும். பதவியில் உள்ள ஒரு நீதிபதியை ஜெயிலுக்கு அனுப்ப வழி இருக்கிறது, எச்சரித்து ஒரு வரி எழுத வழி இல்லை என்றால் ஏதோ கோளாறு இருக்கிறது.

ஹாஸ்டல் நண்பன் ஒருவன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ அரசாங்கத்துக்கிட்டயே குடுத்துடலாமே, டிரான்ஸ்பர் சஸ்பெண்ட் எல்லாம்" என்றான். வேண்டாம் நண்பா. கடல் தாண்டி இலங்கையைப் பார். அங்கே தலைமை நீதியரசராக இருந்த ஷிராணி பண்டாரநாயக்கவை, அரசுக்குப் பிடிக்காத தீர்ப்புகள் வந்த சமயத்தில், நாடாளுமன்றத் தெரிவுக் குழு அவசர அவசரமாக விசாரித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த விசாரணை செல்லாது என்றது. ஆனாலும் 2013 ஜனவரி 11 அன்று 155க்கு 49 என்று ஓட்டு. இரண்டே நாளில் ராஜபக்ச கையெழுத்து. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் அவர் மீண்டும் வந்து உட்கார்ந்து, அடுத்த நாளே ஓய்வு பெற்றார். பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவர் ஒரு தமிழர், கே.ஸ்ரீபவன். நம் ஊரில் கை தூக்காமல் காப்பாற்றினார்கள், அங்கே கை தூக்கித் துரத்தினார்கள். இரண்டிலும் விசாரணை அறிக்கைக்கு மரியாதை இல்லை.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1986 முதல் இதற்கென்றே ஒரு நிரந்தர ஆணையம் இருக்கிறது. இங்கிலாந்தில் நீதிபதிகளின் நடத்தை பற்றிய புகாரை வாங்கவே 2013 முதல் ஓர் அலுவலகம் உண்டு. எச்சரிக்கை, கண்டனம் என்று சின்னத் தண்டனைகள் உண்டு, அவற்றை வெளியிடவும் செய்கிறார்கள். நம் நாட்டிலும் 2010இல் ஒரு மசோதா வந்தது. 2012 மார்ச்சில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையைத் தாண்டாமலே 2014இல் அந்த மக்களவையோடு காலாவதியானது. 2025 ஜனவரியில் லோக்பால், ஹைகோர்ட் நீதிபதிகளைப் பற்றிய புகாரையும் நான் பார்க்கலாம் என்றது. அடுத்த மாதமே சுப்ரீம் கோர்ட் அதற்குத் தடை போட்டது.

நான் கேட்பது பெரிசு ஒன்றும் இல்லை. ரயில்வே பார்சலுக்குக்கூட ரசீது தருகிறார்கள். ஹைகோர்ட் நீதிபதி மேல் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தவனுக்கு ஒரு நம்பர் போட்ட ரசீது வேண்டும். இத்தனை மாதத்துக்குள் பதில் என்ற கெடு வேண்டும். விசாரிப்பவர்களில் பதவியில் உள்ள நீதிபதியும் இருக்கட்டும், வெளி ஆளும் இருக்கட்டும், மந்திரி மட்டும் வேண்டாம். புகார் பொய் என்றால் ஏன் பொய் என்று நாலு வரி வெளியிடட்டும். ராஜினாமா கொடுத்தாலும் ஆரம்பித்த விசாரணை முடியட்டும். 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளின் சொத்து விவரத்தை வெப்சைட்டில் போட்டார்கள். வானம் இடிந்து விழவில்லை. இதற்கும் விழாது.

புகார் கொடுத்தாலே அவமதிப்பு வழக்கு வரும் என்று நம் ஆட்கள் பயப்படுகிறார்கள். பொதுநலனுக்காக நல்லெண்ணத்தோடு சொன்ன உண்மை ஒரு எதிர்வாதமாக ஏற்கப்படலாம் என்று 2006இல் அந்தச் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள். ஆனால் டீக்கடையில் கேட்டதெல்லாம் உண்மை ஆகாது என்பதை என் மூன்று பக்கப் பெட்டிசன் எனக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது.

அந்தப் பெட்டிசனில் கண்ணகியைப் பற்றி எழுதியதை இப்போது எடுத்துப் படித்தால் ஒன்று தோன்றுகிறது. அவள் நீதிபதி மேல் புகாரை அந்த நீதிபதியிடமேதான் கொண்டுபோனாள். வேறு வாசல் இல்லை. கேட்டவன் நெடுஞ்செழியனாக இருந்ததால் அரியணையிலேயே உயிரை விட்டான். ஹைகோர்ட் வளாகத்தில் சிலையாக நிற்கிற மனுநீதிச் சோழனும் அப்படித்தான், தன் பிள்ளை மேலேயே தேரை ஏற்றியவன். அது மாதிரி ஆட்கள்தான் வருவார்கள் என்று எண்ணி ஒரு சட்டத்தை எழுத முடியுமா?

சித்தப்பா அப்பீல் போட்டிருக்கிறார். மேல் கோர்ட் இரண்டு பத்திரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க சர்வேயரை வைத்து அளக்கச் சொல்லியிருக்கிறது. அளக்கிற அன்று என்னையும் கூப்பிட்டிருக்கிறார், டேப் பிடிக்க. நம்ம சர்வே பிராக்டிகல் ரெக்கார்டையும் எடுத்துக்கிட்டு வரச் சொன்னார். போகத்தான் போகிறேன்.